கொட்டாம்பட்டிக் கரண்டி

சங்கத்து ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று பாத்திர வியாபாரிகள் சங்கத்துக்காரர்கள் வீட்டுக்கே வந்து கேட்டார்கள். "நான் அஞ்சாப்புதான்யா படிச்சிருக்கேன். எழுத்துப்பிழை வரும்" என்றேன். "வந்தா வந்துட்டுப் போகுது, மாயாண்டி அண்ணே. ஒங்களைத் தவிர அந்தக் கதை யாருக்கு முழுசாத் தெரியும்?" என்றார்கள். அது உண்மைதான். மதுரையிலிருந்து கொட்டாம்பட்டி வரைக்கும் குக்கர் விற்கிற எந்தக் கடையிலும் போய் என் பெயரைச் சொல்லிப் பாருங்கள், நாற்காலி போடுவார்கள். போடவில்லையென்றால் அது புதிதாகத் திறந்த கடை.

அவர்கள் கேட்டதற்கு ஒரு காரணம் உண்டு. நான் வேலை பார்த்த குக்கர் கம்பெனியிலிருந்து வருஷா வருஷம் கடைகளுக்கு ஒரு சுற்றறிக்கை வரும். அதன் அடியில் ஒரு வரி இருக்கும்: அச்சிட்ட விலைக்கு மேல் விற்கக் கூடாது, அதற்குக் கீழே என்ன விலைக்கு விற்பது என்பது கடைக்காரரின் விருப்பம். புதிதாக வேலைக்கு வந்த சேல்ஸ்மேன் தம்பி ஒருத்தர் அதைப் படித்துவிட்டு, "இதை எதுக்கு எழுதுறாங்க? கடைக்காரன் சரக்கைக் கடைக்காரன் இஷ்டத்துக்குத்தான விப்பான்?" என்று சிரித்தாராம். சிரிக்கட்டும். அந்த ஒரு வரியைக் காகிதத்தில் ஏற்ற நாங்கள் பட்ட பாடு அவருக்கு எப்படித் தெரியும்?

நான் வேலைக்கு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆரப்பாளையத்தில் லாரியில் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தவன் நான். குக்கர் பெட்டியைத் தோளில் ஏற்றினாலே இது மூன்று லிட்டர், இது ஐந்து லிட்டர் என்று லேபிளைப் பார்க்காமல் சொல்லுவேன். குக்கர் கம்பெனி டிப்போக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். பெட்டியில் இருந்த எழுத்தைப் பார்த்துத்தான் இங்கிலீஷ் படித்தேன். அப்புறம் மொபெட், அப்புறம் சேல்ஸ்மேன், கடைசியில் மேலூர், கொட்டாம்பட்டி லைனுக்கு சூப்பர்வைசர். பி.காம். படித்தவர்கள் ஐந்தாறு பேர் என்னிடம் ரிப்போர்ட் கொடுத்தார்கள். இதற்கு மேல் நானே சொல்லக் கூடாது.

இப்போது விலை விஷயத்துக்கு வருகிறேன். பெட்டியில் அச்சடித்திருப்பது அதிகபட்ச விலை. அதற்கு மேல் வாங்கினால் குற்றம். இது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் எங்கள் கம்பெனி அதற்குக் கீழே இன்னொரு விலையையும் வைத்திருந்தது. அது எந்தப் பெட்டியிலும் இருக்காது, எந்தக் கடிதத்திலும் இருக்காது. கல்லாவில் கூட்டமில்லாத நேரம் பார்த்து, நாங்கள் போய் வாயால் சொல்ல வேண்டும். அச்சடித்த விலைக்கு எங்கள் டிப்போ பாஷையில் கூரை என்று பெயர். வாயால் சொன்ன விலைக்குத் தரை என்று பெயர். தரைக்குக் கீழே எந்தக் கடையும் விற்கக் கூடாது, மேலே கொசுறு என்று எதையும் சும்மா கொடுக்கவும் கூடாது. அந்தக் கூரைக்கும் தரைக்கும் நடுவே ஓர் ஆள் நிமிர்ந்து நிற்க முடியாது, குனிந்துதான் நிற்கலாம். அவ்வளவுதான் இடம்.

கடைக்காரர் தரையை மதிக்கிறாரா என்று பார்ப்பதற்கும் ஒரு முறை இருந்தது. வாடிக்கையாளர் மாதிரி ஆள் போகும். அதற்குப் பெண் பார்க்கப் போவது என்று நாங்கள் பெயர் வைத்திருந்தோம். நல்ல சட்டை போட்டுக்கொண்டு போய், எல்லாவற்றையும் எடுத்துப் போடச் சொல்லி, தூக்கிப் பார்த்து, தட்டிப் பார்த்து, கடைசியில் "கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று நிறுத்த வேண்டும். கடைக்காரர் இறங்கி வந்தால் மாட்டினார். முதல் தடவை எச்சரிக்கை. அடுத்த தடவை லோடு நிற்கும். அவர் டிப்போவுக்கு வந்து மேனேஜர் முன்னால் நின்று, இனிமேல் செய்ய மாட்டேன் என்று சொல்லும் வரைக்கும் ஒரு பெட்டி போகாது. என்னைப் பெண் பார்க்க அனுப்ப மாட்டார்கள். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "வாங்கண்ணே, டீ சொல்லவா?" என்று கேட்டுவிடுவார்கள். முகராசி அப்படி.

எங்கள் மேனேஜர் ஜெகந்நாதன் சார். மதுரையிலேயே பிறந்து வளர்ந்தவர். வீட்டில் சௌராஷ்டிர மொழி, ஆபீஸில் தமிழ், தலைமை ஆபீஸுக்கு இங்கிலீஷ். மூன்றிலும் ஒரே சத்தத்தில்தான் பேசுவார். அதட்ட மாட்டார். லோடு இறக்குகிறவரையும் நீங்க என்றுதான் கூப்பிடுவார். யாரையாவது தண்டிக்க வேண்டும் என்றால் முதலில் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையால் துடைப்பார். அதைப் பார்த்தால் நாங்கள் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவோம். கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, "சரி, அப்புறம் என்ன செய்றது, ரூல் அப்படி" என்பார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. கெட்ட மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். ரூலைக் கோயில் பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிற மனிதர், அவ்வளவுதான்.

கொட்டாம்பட்டியில் பேச்சியம்மாள் என்று ஒரு கடைக்காரம்மா. புருஷன் போன பிறகு, அவர் விட்டுப்போன பாத்திரக் கடையைத் தனியாகத் தூக்கி நிறுத்தியவர். சீர்வரிசை வியாபாரம்தான் அங்கே பெரிது. சுற்றுப்பட்டு ஊர்களில் கல்யாணம் என்றால் அண்டாவிலிருந்து குக்கர் வரைக்கும் ஒரே கடையில் எடுப்பார்கள். பேச்சியம்மாள் தரையை அட்சரம் பிசகாமல் காப்பாற்றினார், அதில் குறையே சொல்ல முடியாது. ஆனால் கொசுறு கொடுப்பார். குக்கருக்கு ஒரு ரப்பர் கூடுதலாக, இல்லையென்றால் ஒரு எவர்சில்வர் கரண்டி. மதுரைப் பக்கம் காய் வாங்கினாலே மேலே ஒரு கை கருவேப்பிலை போட்டால்தான் பை மூடும். குக்கர் வாங்குகிறவர்கள் சும்மா போவார்களா?

டவுனில் இருந்த பெரிய ஷோரூம்காரர் ஒருவர், "எங்க கஸ்டமர் எல்லாம் பஸ் ஏறிக் கொட்டாம்பட்டிக்குப் போறாங்க, அங்க என்னமோ நடக்குது" என்று தலைமை ஆபீஸுக்கு எழுதிப் போட்டுவிட்டார். விசாரிக்கச் சொல்லி ஜெகந்நாதன் சாருக்கு உத்தரவு வந்தது. யாரை அனுப்பினாலும் பேச்சியம்மாள் மோப்பம் பிடித்துவிடுவார் என்று, சாரே ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டம்மா சாரதா அம்மாளைக் கூட்டிக்கொண்டு பெண் பார்க்கப் போனார். திங்கட்கிழமை அவர் மேசைமேல் ஒரு கரண்டி இருந்தது. காம்பில் நூல் கட்டி, ஓர் அட்டையில் கடையின் பெயர் எழுதித் தொங்கவிட்டிருந்தார். சார் கண்ணாடியைத் துடைத்தார். தலைமை ஆபீஸ் விவகாரம் என்பதால் எச்சரிக்கைகூட இல்லாமல் கொட்டாம்பட்டிக்கு லோடு நின்றது.

அடுத்த வாரமே பேச்சியம்மாள் டிப்போவுக்கு வந்துவிட்டார். பஸ்ஸில் வந்த வேர்வை காயவில்லை.

"அண்ணே, எனக்கு லோடு வரலை."

"வராது, தங்கச்சி."

"ஏன் வராது? எம் பணத்துல காந்தி படம் இல்லையா?"

"நீ கொசுறு கொடுத்திருக்க."

"கொசுறா? கொசுறு கொடுக்காம யாவாரம் பண்ண நான் என்ன பேங்கா வச்சிருக்கேன்? ஆவணி முகூர்த்தத்துக்கு ஊரு பூராம் ஆர்டர் பிடிச்சு வச்சிருக்கேன்ணே. சீர்த்தட்டுல குக்கர் இல்லைன்னா பொண்ணு வீட்டுக்காரங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? ஒரு முகூர்த்தம் தப்புச்சுன்னா அடுத்த முகூர்த்தத்துக்கு எவன் என் கடை வாசல் மிதிப்பான்? கடை போச்சுன்னா நான் போயி என்ன செய்ய? களை வெட்டவா?"

சமாதானம் சொல்லி சார் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே நுழைந்த பேச்சியம்மாள் சாரைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

"அட, நீங்களா? வாங்க வாங்க" என்றார், ஏதோ அவர் கடைக்கு சார் வந்த மாதிரி. "அம்மா சௌக்கியமா? கரண்டி நல்லா இருக்கா?"

மேசைமேல் அட்டையோடு கிடந்த கரண்டியைப் பேச்சியம்மாள் அப்போதுதான் கவனித்தார்.

"அது எப்படி இங்க வந்துச்சு? ஏன் சார், நானா கொடுத்தேன்? பில்லு போட்டு முடிச்சேன். நீங்க பையைத் தூக்கிட்டீங்க. அம்மாதான நகர மாட்டேன்னு நின்னாங்க. 'எம்புட்டு வெலை கொடுத்திருக்கோம், ஒரு கொசுறு கிடையாதா?'ன்னு கேட்டாங்க. ரப்பர் கொடுத்தேன், வேண்டாம், கரண்டி கொடுன்னாங்க. ஆணியில தொங்குனதுல பெரிசாப் பார்த்து அவங்களே எடுத்துக்கிட்டாங்க சார்!"

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டார், மறுபடியும் கழற்றித் துடைத்தார். அது நான் அதற்கு முன்னால் பார்க்காதது.

"ரூல்னா ரூல்தாம்மா" என்றார். "யார் கேட்டாலும் கடைக்காரங்க கொடுத்திருக்கக் கூடாது. தலைமை ஆபீஸ் சொல்லாம நான் லோடு விட முடியாது."

பேச்சியம்மாள் வெளியே வந்தார். படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தார். வேர்வையைத் துடைக்கிறார் என்று நான் வைத்துக்கொண்டேன். "மாயாண்டி இருக்கேன், தங்கச்சி. ஆவணிக்குள்ள ஒனக்கு லோடு வரும். நானே லாரியில ஏறி வாரேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எப்படி என்று யோசித்தேன். என் சுபாவம் அது.

யோசித்தபோது ஒன்று ஞாபகம் வந்தது. மதுரையில் ஒரு டீச்சரம்மா மகள் கல்யாணத்துக்குக் குக்கர் வாங்கக் கடை கடையாக ஏறியிருக்கிறார். எல்லாக் கடையிலும் ஒரே விலை. ஒருத்தர்கூட அசையவில்லை. கடைக்காரர்கள் எல்லாரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளா என்று அவருக்குச் சந்தேகம் வந்து, நுகர்வோர் சங்கத்து வக்கீலம்மா மூலமாக டெல்லிக்குப் புகார் போட்டிருந்தார். கடைகளுக்குள் போட்டி இருக்கிறதா, இல்லை யாராவது கையைக் கட்டிப் போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பதற்கு அங்கே ஓர் ஆணையம் இருக்கிறது. அந்த விசாரணைக்கு அதிகாரிகள் மதுரைக்கே வரப்போகிறார்கள் என்று டிப்போவில் பேச்சாகக் கிடந்தது. பேச்சியம்மாளை நேரே அந்த வக்கீலம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். நடந்ததை எல்லாம் சொல்ல வைத்தேன். அந்தக் கரண்டியும் விசாரணையில் ஏறியது. இதைச் செய்ய அன்றைக்கு மதுரையில் வேறு எந்த சூப்பர்வைசருக்கு நெஞ்சு இருந்தது, சொல்லுங்கள் பார்ப்போம்.

எனக்கும் சாருக்கும் பேச்சியம்மாளுக்கும் சம்மன் வந்தது. தலைமை ஆபீஸிலிருந்து சாருக்கு ஃபோனும் வந்தது. விசாரணைக்கு முந்தின நாள் சார் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"தரைன்னு ஒண்ணு கிடையாதுன்னு சொல்லணுமாம். அது வெறும் ஆலோசனை விலையாம். கொசுறு கொடுக்கக் கூடாதுன்னதுகூட விலை விஷயம் இல்லையாம், கம்பெனி கௌரவத்துக்காகவாம்" என்றார்.

"நீங்க என்ன சொல்லப் போறீங்க சார்?"

"நீங்க என்ன சொல்லப் போறீங்க?"

"நான் நடந்ததைச் சொல்லுவேன் சார். எனக்குப் பொய் சொன்னா மறந்துரும். அடுத்த கேள்விக்கு மாட்டிக்குவேன்."

சார் தலையை ஆட்டினார். "எனக்கு மறக்காது, மாயாண்டி. அதுதான் கஷ்டம்" என்றார்.

அரசாங்கக் கட்டடம் ஒன்றில் மாடியில் ஓர் அறை. வடக்கத்தி அதிகாரி ஒருவர், அவர் பக்கத்தில் மொழிபெயர்க்கக் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தர். முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். சத்தியம் வாங்கினார்கள். கூரை, தரை, பெண் பார்ப்பது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். பெண் பார்ப்பது என்றதும் அந்த அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கல்யாணக் கம்பெனி நடத்துகிறோம் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே விளக்கினார். கொசுறுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. "எங்க ஊர்லயும் உண்டுங்க" என்றார். வடக்கத்தி அதிகாரி தங்கள் ஊரில் காய்க்காரர் கொத்தமல்லி சும்மா போடுவார் என்றாராம். நான் நன்றாகத்தான் சொன்னேன். ஆனால் நான் கம்பெனியில் விலை வைக்கிறவன் இல்லையே. மேலே இருந்து வந்ததை வாயால் சொன்னவன். கம்பெனி வக்கீல், இது இவருடைய சொந்தக் கற்பனை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டார். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்கு அடுத்துப் பேச்சியம்மாள் உட்கார்ந்திருந்தார், கையைப் பிசைந்துகொண்டு.

அடுத்து ஜெகந்நாதன் சார் உள்ளே போனார். கரண்ட் போனது. ஃபேன் நின்றதும் வெக்கை தாங்காமல் கதவைத் திறந்து வைத்தார்கள். உள்ளே பேசியது அத்தனையும் எங்கள் காதில் விழுந்தது.

"அந்தக் கரண்டியைக் கேட்டது யார்?" என்று அந்தப் பெண் தமிழில் கேட்டார்.

எட்டிப் பார்த்தேன். சார் கண்ணாடியைக் கழற்றியிருந்தார். துடைக்கவில்லை. கையில் வைத்திருந்தார்.

"என் வீட்டுக்காரம்மா."

"நீங்கள் சோதனைக்குத்தானே போனீர்கள்? அவரை ஏன் கேட்கச் சொன்னீர்கள்?"

"நான் சொல்லலைங்க. எவ்வளவு குறைச்சுக் கொடுத்தாலும் கொசுறு வாங்காம வந்தா அவங்களுக்குக் கடைக்குப் போன மாதிரியே இருக்காது."

"உங்கள் ரூல்படி அந்தக் கடைக்காரர் என்ன சொல்லியிருக்க வேண்டும்?"

"இல்லைன்னு சொல்லணும்."

"சொல்லியிருந்தால்?"

"என் வீட்டம்மா அடுத்த கடைக்குப் போயிருப்பாங்க."

"அடுத்த கடையில்?"

இந்த இடத்தில் பேச்சியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். கம்பெனி வக்கீல் ஏதோ இங்கிலீஷில் குறுக்கே வந்தார், அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார்.

"அங்கயும் இல்லைன்னுதான் சொல்வாங்க" என்றார் சார், எப்போதும் பேசுகிற அதே சத்தத்தில். "அதுக்கு அடுத்த கடையிலயும் இல்லைன்னுதான். நாங்க எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கோம். விலையும் அப்படித்தான். ஒரு பொம்பளை மதுரை பூராம் சுத்தி வந்தாலும் ஒரே பதில்தான் கிடைக்கும். அதுதாங்க எங்க ரூல்."

கேஸை முடித்து வைத்தது அந்தப் பதில்தான். என் வாக்குமூலம் அஸ்திவாரம் போட்டது, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் கூரையைப் பிரித்துத் தரையைத் தோண்டி எடுத்தவர் சார்.

வெளியே வந்தார். எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். வேலை போய்விட்டது என்றுதான் அவர் முகத்தில் எழுதியிருந்தது. பேச்சியம்மாளைக் கும்பிட்டார். என்னிடம், "இன்னைக்கே கொட்டாம்பட்டி லோடு ஏத்திருங்க" என்றார்.

"தலைமை ஆபீஸ் சொல்லலையே சார்?"

"நான் சொல்றேன்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். லாரியில் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து நானே போனேன். பஸ்ஸில் முந்திக்கொண்டு போன பேச்சியம்மாள் கடை வாசலில் நின்றார். பெட்டி இறங்க இறங்க ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். "எண்ணிக்க தங்கச்சி" என்றேன். "எண்ண முடியலைண்ணே, கண்ணு கலங்குது" என்றார். அந்த ஆவணியில் ஒரு சீர்த்தட்டுகூடக் காலியாகப் போகவில்லை.

டெல்லி உத்தரவு வர நாளாயிற்று. தரையை எடுக்க வேண்டும், எடுத்ததை எல்லாக் கடைக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று வந்தது. கம்பெனிக்கு அபராதமும் போட்டார்கள். அந்தத் தம்பி சிரித்த வரி அப்படிப் பிறந்தது. சாரை வேலையை விட்டு அனுப்பவில்லை. உண்மையைச் சொன்ன ஆளை அனுப்பினால் அதற்கு வேறு பதில் சொல்ல வேண்டும் என்று பயந்தார்களோ என்னவோ. உத்தரவு வரும் வரைக்கும் நானும் சாரும் தினமும் காலையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, வேலையை விட்டு அனுப்புகிற கடிதம் இன்றைக்கும் வரவில்லை என்று மூச்சு விட்டுக்கொண்டு வேலையை ஆரம்பித்தோம். அந்தப் பாரம் இறங்கியபோது எனக்கு லாரியிலிருந்து கடைசிப் பெட்டியை இறக்கிவிட்டுத் தோளை உதறியது போல இருந்தது. பெட்டி சுமந்தவர்களுக்கு அது தெரியும்.

உத்தரவு வந்த வாரம் சார் என்னை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் வீடு. அத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. சாரதா அம்மா பரிமாறினார். அவர் கையில் இருந்த கரண்டி எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. காம்பில் நூல் கட்டிய இடம் மட்டும் லேசாகத் தேய்ந்திருந்தது.

"அதேதான்" என்றார் அந்த அம்மா. "எம்புட்டு நாளு இவரு ஆபீஸ்ல வச்சுக்கிட்டுத் தரவே மாட்டேன்னுட்டாரு. சாட்சியாம். நான் கேட்டு வாங்குன கரண்டி, எனக்கு எதிரா சாட்சியாம்!"

பாயசம் ஊற்றினார். குடித்தேன். டம்ளரைத் திரும்ப நீட்டினேன்.

"இன்னும் வேணுமாண்ணே?"

"போதும்மா. இது கொசுறுக்கு."

சார் சிரித்துவிட்டார். சத்தமாக, தோள் குலுங்க, கண்ணாடி நழுவிச் சோற்றில் விழப் பார்க்கிற மாதிரி. அதைப் பிடித்துக்கொண்டே வீட்டம்மாவைப் பார்த்துச் சொன்னார்:

"இல்லைன்னு மட்டும் சொல்லிராத. ஊத்து."